அரைநிமிடக்காரி

முத்துமிதவை நகரத்தில் எவரும் எவரையும் மிரட்டுவதில்லை. மிரட்டினால் ஒருவர் என்ன செய்வார் என்பதைக் கணக்கிட்டு, அதை அவர் செய்துவிட்டதாகவே பதிவு செய்துகொள்வார்கள். இதனால் இரு தரப்பாருக்கும் நேரம் மிச்சம். அழுகை, கூச்சல், தேவையற்ற வீரம் ஆகியவற்றுக்கும் இடமில்லை. நாகரிகம் என்பது இதுவே என்று நகர நிர்வாகம் நம்பியது. நகரத்தாரும், தம்மைத் தொந்தரவு செய்யாதவரை, அவ்வாறே நம்பினார்கள்.

கடல் கரையை விழுங்கத் தொடங்கிய பின்னர், தூத்துக்குடிக்குக் கிழக்கே கட்டப்பட்ட மிதக்கும் நகரம் அது. அதற்கு இரண்டு வளையங்கள். உள்வளையத்தில் தளத்தை நிலையாக வைத்திருக்கும் இயந்திரங்கள் உண்டு. கோப்பையில் ஊற்றிய தேநீர் அசையாது. வெளிவளையத்தில் அவை இல்லை. தளத்தின் இரும்புச் சட்டங்களுக்கு இடையே கடல் தெரியும். நின்றாலும் ஆடும், படுத்தாலும் ஆடும். பெரும்புயல் வந்தால் உள்வளையத்தைக் காப்பாற்றுவதற்காக இடைக்கதவை மூடி, வெளிவளையத்தைக் கழற்றிவிடலாம் என்பது கட்டியவர்களின் ஏற்பாடு. ஒரு புயலின்போது அதற்கான கட்டளையும் வந்தது. ஆனால், வெளியே இருக்கும் மக்கள் உள்ளே வந்து சேரும்வரை விசையைத் தொடமாட்டோம் என்று விசைக்கூடத்தில் பணியிலிருந்த சிலர் மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, எங்களுக்கு மேலே வேறொரு ஆண்டவர் இருக்கிறார் என்றார்கள். மக்கள் வந்து சேர்ந்தார்கள், நகரம் மூழ்கவில்லை. ஆயினும் நிர்வாகம் நடுங்கிப்போயிற்று.

அதன் விளைவுதான் உறுதிமொழி. அது ஒரே ஒரு வாக்கியம்: "இந்நகர நிர்வாகமன்றி எனக்கு வேறு ஆண்டவர் இல்லை." கைநாட்டு வைத்தவர்கள் உள்வளையத்தில் வசிக்கலாம். வைக்காதவர்களுக்கு வெளிவளையம், அவர்கள் மீண்டும் உள்ளே வர இயலாது. கடவுளை நம்பிய எல்லா மதத்தாருக்கும் அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கியது. ஆனால், ஒவ்வொருவரையும் அழைத்து உட்காரவைத்து, அச்சுறுத்திக் கேட்பது நாகரிகமன்று. ஆகவே நிர்வாகம் ‘முன்விடை’ என்ற பொறியை வாங்கியது. எல்லாருடைய மணிக்கட்டிலும் ஏற்கெனவே ஒரு பட்டை இருந்தது. நாடித்துடிப்பு, பேச்சு, வரிசையில் நிற்கும் பொறுமை, நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் பழக்கம் அனைத்தும் அதில் பதிவாகியிருந்தன. பொறி அவற்றைப் பார்த்தது. கேட்டால் இவர் என்ன சொல்வார், எவ்வளவு நேரத்தில் சொல்வார் என்று அறிவித்தது. அவ்வளவுதான். ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உள்வளையத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் அந்தக் கணிப்பு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒருபோதும் கைநாட்டு வைக்கமாட்டார்கள் என்று பொறி கண்ட சில குடும்பங்களை நிர்வாகம் மரியாதையுடன் வெளிவளையத்துக்கு அனுப்பிவைத்தது. சபையார் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் தோறும் கேக் அனுப்பினார்கள். நேரில் போகவில்லை, ஏனெனில் அங்கே தரை ஆடும். மற்றவர்கள் அனைவரும் இறுதியில் கைநாட்டு வைத்துவிடுவார்கள் என்றது பொறி, ஆகவே, வைத்துவிட்டதாகவே பதிவாயிற்று. முதல் ஞாயிறன்று இச்செய்தி அவர்களை நாணச் செய்தது. அடுத்த ஞாயிறன்று, "உங்களுக்கு எவ்வளவு நேரம் வந்துச்சு?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கச் செய்தது. அதன்பின் நாணத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒரு பகல் முழுவதும் தாங்குவார்கள் என்று பொறி கண்டவர்கள் பகல்காரர்கள் எனப்பட்டார்கள். அவர்களுக்கு அடுத்தபடி மணிக்காரர்கள். அதற்கும் கீழே நிமிடக்காரர்கள். எல்லாரும் ஆண்டவரை மறுதலிப்பவர்களே. ஆயினும் மாலையில் மறுதலிப்பவர், காலையிலேயே மறுதலித்துவிடுபவரைச் சற்றுத் தாழ்வாகவே பார்த்தார். பகல்காரர்களுக்கு மின்விசிறியின் கீழ் இடம் கிடைத்தது.

சபையின் கடைசிப் படியில் இருந்தவள் ஜெபக்கனி. உள்வளைய மருத்துவமனையில் மருந்தாளுநர். முப்பது வயதைத் தாண்டியவள். மின்தூக்கி, பல்லி, இடி, ஒலிபெருக்கி, ஊசி ஆகிய அனைத்துக்கும் அஞ்சுபவள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலுக்கு அஞ்சுபவள். அவ்வாறு அஞ்சுபவள் மிதக்கும் நகரத்தில் ஏன் வசிக்கிறாள் என்று கேட்பது நியாயம். அவளுடைய ஊர் இப்போது கடலுக்கு அடியில் இருக்கிறது, வேறு போக்கிடமில்லை. அவள் அரைநிமிடங்கூடத் தாங்கமாட்டாள் என்று பொறி கண்டிருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவளை ‘அரைநிமிட அக்கா’ என்று அழைத்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய தங்கை சுகிர்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வருகிற ஞாயிறன்று ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி, அதன் சார்பில் போதகரின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய ஞானத்தாயாக அக்காள்தான் நிற்க வேண்டும் என்று சுகிர்தா முடிவு செய்திருந்தாள். சபைக் கமிட்டியோ வேறு விதமாக முடிவு செய்திருந்தது.

ஆராதனை முடிந்தபின், பாடகர் குழுவினர் அங்கிகளைக் கழற்றும் சிறு அறையில் அதை அறிவித்தவர் சபைச் செயலாளர் தேவாசீர்வாதம். அவர் பகல்காரர், சபையிலேயே மிக நீண்ட பகல் அவருடையது. இருவரிடம் பேசினாலும் இருநூறு பேரிடம் பேசும் குரல் அவருக்கு.

"அன்பான சகோதரிகளே, தப்பா நினைக்கக் கூடாது. ஞானப்பெற்றோரா நிக்கிறவங்க குறைஞ்சது ஒரு மணி நேரமாவது விசுவாசத்துல நிக்கிறவங்களா இருக்கணும்னு கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு."

"ஒரு மணி நேரம் கழிச்சு மறுதலிச்சாப் பரவாயில்லையா அண்ணாச்சி?" என்றாள் சுகிர்தா.

"ஒரு அளவு வேணும்லாம்மா. அளவு இல்லாம சபையை எப்படி நடத்த?"

"அப்போ ஐயாவுக்கு எவ்வளவு?"

அறையின் மூலையில் அங்கியை மடித்துக்கொண்டிருந்த இளம் போதகர் நெகேமியா, மடித்ததை விரித்து மீண்டும் மடித்தார். "எனக்கு அரைமணி" என்றார் மெல்ல. "தீர்மானப்படி பார்த்தா நான் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஞானத்தகப்பனா நிக்க முடியாது."

"அது வேற, ஐயா. உங்களுக்கு பிஷப் கொடுத்த டயோசிஸ் ஆர்டர் இருக்கு" என்று செயலாளர் அவரைக் காப்பாற்றினார்.

"எங்க அக்காதான் நிப்பா" என்றாள் சுகிர்தா. "பயந்தவதான் பிள்ளையைக் கீழ போடாமப் பிடிப்பா. தைரியசாலிக எல்லாம் ஒரு கையில பிள்ளையும் மறு கையில செல்போனுமா நிக்காவ. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் ஜெபக்கனி. பின்னர், ஒருவரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "என்னை யாருமே கேக்கலியே" என்றாள்.

"என்னம்மா?"

"ஆண்டவரை நான் மறுதலிச்சேன்னு எழுதியிருக்கு. என்னை யாரும் கூப்பிட்டுக் கேக்கலியே அண்ணாச்சி. கேக்காமலே எப்படி மறுதலிப்பேன்?"

செயலாளர் சிரித்தார். கேட்டால்தான் என்ன ஆகும் என்று தமக்குத் தெரியும் என்பது போன்ற சிரிப்பு அது. "கேட்டாலும் அதைத்தானம்மா சொல்லப்போற. பொறிக்குத் தெரியாதா?"

"சொல்லலாம். ஆனா நான்தானே சொல்லணும்?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு தமக்கில்லை என்பதைப் போதகரும் செயலாளரும் ஒரே சமயத்தில் உணர்ந்தார்கள்.

*

பதிவு அலுவலகத்தின் அதிகாரி உலகம்மை, தென்காசிப் பக்கத்துக்காரி. ஜெபக்கனி வந்த காரணத்தைக் கேட்டதும், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போனவள் நிறுத்திவிட்டாள்.

"நேர்க்கேள்வியா? விதியில இருக்கு எக்கா, இல்லேங்கல. கேக்கச் சொல்லி ஒருத்தர் வந்தா கேட்டுத்தான் ஆகணும். ஆனா இதுவரைக்கும் ஒரு ஆளும் வரல. அந்த அறையில உடைஞ்ச நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருக்கோம்."

"ஒரு நாற்காலி உடையாம இருந்தாப் போதும்."

"எதுக்கு எக்கா இந்த வம்பு? உள்வளையத்துல இருக்கீங்க, வேலை இருக்கு. ஆத்மாவுக்கு ஒரு வலியும் இல்லாம உங்க பேர்ல பொறியே சொல்லி முடிச்சிட்டு. உங்களை மிரட்டக் கூடாதுன்னுதானே அம்புட்டுச் செலவு பண்ணி வாங்கியிருக்கு?"

"பொறி எப்படிச் சொல்லுது?"

"உங்க பட்டையை வச்சுத்தான். எப்ப பதறுதீங்க, எதுக்கு விட்டுக்கொடுக்கீங்க, எல்லாம் அதுக்குத் தெரியும். உங்களுக்குப் பேச்சை விடக் கையி வேகமா ஓடுதாம். சம்மதம் சொல்லுறதுக்கு முன்னாலயே கைநாட்டு வச்சிருவீங்கன்னு வந்திருக்கு." உலகம்மை வருத்தத்துடனேயே சொன்னாள். "நான் சொல்லல எக்கா. அது சொல்லுது."

"இப்ப நீங்க கேளுங்க" என்றாள் ஜெபக்கனி.

அறை குளிர்ந்திருந்தது. நாற்காலிகள் கெட்டுவிடக் கூடாது என்று குளிரூட்டியை நிறுத்தாமல் வைத்திருந்தார்களாம். ஏற்கெனவே உடைந்த நாற்காலிகள் இனி எவ்வாறு கெடும் என்று எவரும் கேட்கவில்லை. உலகம்மை உறுதிமொழியைப் படித்தாள். மேசைமேல் கைநாட்டுக்கான கண்ணாடித் தகடு ஒன்று இளநீல ஒளியுடன் காத்திருந்தது.

"சம்மதமா?"

"இல்லை."

சொன்னபின் ஜெபக்கனிக்கே வியப்பாக இருந்தது. உலகம்மைக்கும் அவ்வாறே. ஆனால், அவள் நல்ல அதிகாரி. தன் கடமையைச் சரிவரச் செய்தாள்.

"சரி. அப்போ இன்னைக்கு ராத்திரியே வெளிவளையம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குள்ள வர முடியாது. தெரியும்லா?"

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் இருக்கே."

"கோயில் உள்வளையத்துல. நீங்க வெளிவளையத்துல. ஞானத்தாயா நிக்கதுக்காகத்தானே இங்க வந்தீங்க? கைநாட்டு வைக்கலேன்னா அதுக்குத்தான் வழியே இல்லாமப் போவுது. யோசிங்க எக்கா. உங்க ஆண்டவரு பிள்ளையை விடவா இந்த ஒரு வாக்கியத்தைப் பெருசா நினைக்கப்போறாரு?"

கத்தி, சங்கிலி, இருட்டறை எதுவும் இல்லை. வெறும் நியாயம் மட்டுமே. அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைக்காக என்று ஜெபக்கனி நினைத்தாள். நினைத்து முடிக்கும் முன்னரே அவளுடைய கட்டைவிரல் கண்ணாடியின்மேல் இருந்தது. பொறி பச்சை விளக்கைக் காட்டியது. கணிப்பு சரி.

தாழ்வாரத்தில் குடிநீர்க் குழாய்க்கு அருகே தரையில் உட்கார்ந்து ஜெபக்கனி அழுதாள். கேட்காமலே மறுதலித்தவளாக வந்தவள், இப்போது கேட்டபின் மறுதலித்தவளாகிவிட்டாள். முன்பாவது பொறியின்மேல் பழி போடலாம். குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை இறுக மூடினாள்; முகத்தைத் துடைத்துக்கொண்டாள்; கதவைத் தட்டினாள்.

உலகம்மை அப்போதுதான் தூக்கைத் திறந்திருந்தாள். "இன்னும் போகலியா எக்கா?"

"என்னைத் திரும்பக் கேளுங்க."

"கேட்டாச்சு. வச்சாச்சு. எல்லாம் முடிஞ்சிட்டு."

"அது முதல் ஓலைதானே?"

"என்னது?"

"எங்க கோயில்ல ஒரு கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை உண்டுமான்னு கேப்பாங்க. முதல் ஓலை, ரெண்டாம் ஓலை, மூணாம் ஓலை. ஒரே தடவை கேட்டுட்டுத் தாலி கட்ட விடமாட்டாங்க. ஒரு கல்யாணத்துக்கே மூணு தடவை கேக்கும்போது, ஆண்டவரை விட்டுட்டுப் போறதுக்கு ஒரு தடவைதான் கேப்பீங்களா? எல்லா எடத்துலயும் மூணு தடவைன்னுதான் நான் நினைச்சேன்."

அவள் வாதாடவில்லை, உண்மையாகவே அவ்வாறுதான் நினைத்திருந்தாள். பிறந்தது முதல் முக்கியமான கேள்விகள் மும்முறை கேட்கப்பட்டதையே பார்த்து வளர்ந்தவள், அரசாங்கம் அதைவிட அவசரக்காரனாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க தெருவுல உங்கள மாதிரி ஒரு வேதக்கார வீட்டுக் கல்யாணம் ரெண்டாம் ஓலையில நின்னுபோச்சு எக்கா. நான் சின்னப்பிள்ளையில பார்த்திருக்கேன்." பின்னர் விதியை எடுத்துப் படித்தாள். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். "கேக்கணும்னுதான் போட்டிருக்கு. ஒரு தடவைன்னு எழுதலியே. எழுதினவன் ஓலை வாசிக்காத ஆளு போலருக்கு."

இரண்டாம் முறை உலகம்மை நியாயம் பேசவில்லை. சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். இரும்புத்திரை மேலே சென்றது. கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால் வெளிவளையம் தெரிந்தது. சாம்பல் நிறக் கடல், தளத்தின் சட்டங்களுக்கிடையே ஏறி இறங்கியது. வளையம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறு பக்கம் சாய்ந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதை உணராதவள் போலத் துணி காயப்போட்டாள்.

"அங்கதான் எக்கா" என்றாள் உலகம்மை. "தினமும்."

இம்முறை ‘இல்லை’ என்று சொல்வதற்குக்கூட ஜெபக்கனிக்கு வாய் வரவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டி, கண்ணாடியைத் தடவித் தேடி, கைநாட்டு வைத்தாள். பச்சை விளக்கு. முதல் முறையாவது பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். இதில் அதுவும் இல்லை.

மீண்டும் தாழ்வாரம். இப்போது அழுகை வரவில்லை. அழுவதற்கும் ஓர் உரிமை வேண்டுமே. உலகம்மையே வெளியே வந்து அவளருகில், அரசாங்கச் சேலை கசங்குமே என்று பாராமல், தரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போங்க எக்கா. நான் யாரு கிட்டயும் சொல்லமாட்டேன். பொறி பொய் சொல்லாது. அதுக்கு உங்களை நல்லாத் தெரியும்."

"தெரியும்" என்றாள் ஜெபக்கனி. "பல்லிக்குப் பயப்படுறவன்னு தெரியும். ரெண்டு தடவை கேட்டா ரெண்டு தடவையும் விட்டுட்டு ஓடுவேன்னு தெரியும். ஆண்டவருக்கும் அம்புட்டும் தெரியும்லா? தெரிஞ்சுதான் என்னை வச்சிருக்காரு. பொறி என்னைத் தெரிஞ்சதும் கணக்கை முடிச்சிட்டு. அவரு முடிக்கலியே."

உலகம்மை கசங்கிய சேலையை நீவிவிட்டாள்.

"இன்னும் ஒரு ஓலை இருக்கு" என்று ஜெபக்கனி எழுந்தாள். "ஒரு உதவி செய்யுங்க. சன்னலை முதல்லயே திறந்து வச்சிருங்க. நடுவுல திறந்தா நான் பதறிருவேன்."

சாளரத்தைத் திறந்து வைத்தார்கள். "உட்காரலாமா? கால் நிக்கமாட்டேங்கு" என்று அவள் கேட்டாள். உலகம்மை நாற்காலியைத் தேடி, உடையாததொன்றைப் போட்டாள். குளிரினாலும் அச்சத்தினாலும் ஜெபக்கனியின் பற்கள் அடித்துக்கொண்டன. எதனால் எவ்வளவு என்று பிரித்தறியப் பொறிக்கும் இயலாது.

"சம்மதமா?"

"இல்லை."

"கோயிலுக்குள்ள வர முடியாது."

"ஆமா."

"வேலை போயிரும்."

"ஆமா."

"புயல் வந்து கதவை மூடச் சொன்னா மூடமாட்டீங்களா?"

"வெளிய ஆளு நின்னா மூடமாட்டேன். இனிமே வெளிய நான்லா நிப்பேன்?"

"பயமா இல்லியா எக்கா?"

"ரொம்பப் பயமா இருக்கு." அவளுடைய கை கண்ணாடியை நோக்கித் தானாக நகர்ந்தது. அதை மறு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சேட்டை செய்யும் பிள்ளையை இழுத்து உட்காரவைப்பதைப் போல. "பயமில்லைன்னு நான் சொல்லலியே. வேற ஆண்டவர் இல்லைன்னு சொல்லச் சொல்லுதீங்க. இருக்காரே. நான் என்ன செய்ய?"

உலகம்மை காத்திருந்தாள். பொறி கொடுத்திருந்த அரைநிமிடம் கடந்தது. கடல் சாய்ந்தது, நிமிர்ந்தது. ஜெபக்கனி நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை. விதிப்படி காத்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்தபின், உலகம்மை பொறியைப் பார்த்தாள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. விளக்கு அணைந்திருந்தது.

"என்ன சொல்லுது?" என்று ஜெபக்கனி கவலையுடன் கேட்டாள். அரசாங்கப் பொருளைப் பழுதாக்கிவிட்டோமோ என்ற அச்சம் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

"கணக்கிட இயலவில்லைங்குது." உலகம்மை தலையைச் சொறிந்தாள். "எக்கா, இதுக்கு ரெண்டே முடிவுதான் சொல்லிக்கொடுத்திருக்கு. ஒண்ணு, விட்டுருவான். இல்லேன்னா, விடமாட்டான். விட்டுட்டு, அழுதுட்டு, திரும்பி வந்து கதவைத் தட்டுவான்னு அதுக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச உடனே இது எல்லாரையும் திரும்பக் கணக்குப் போட ஆரம்பிச்சிட்டு."

"எல்லாரையும்னா?"

"ஊர் பூராவும். எல்லாருக்கும் ஒரே விடைதான் வருது. கணக்கிட இயலவில்லை." உலகம்மை அந்தக் குளிர்ந்த அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "கணக்கு இல்லேன்னா நேர்க்கேள்விதான் விதி. ஐயோ, இந்த நாற்காலியெல்லாம் எங்க கொண்டு போடுவேன்!"

*

வெளிவளையத்தில் இருப்பவர்கள் உள்ளே வர இயலாதே ஒழிய, உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதற்குத் தடையில்லை. தடை இல்லாத ஒன்றைச் செய்ய இத்தனை நாள் எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஞாயிறன்று சுகிர்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இடைக்கதவைக் கடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் போதகர் நெகேமியா, ஒரு வெண்கலக் கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சில அடி நடந்ததும் அவருடைய முகம் கிண்ணத்தின் நிறத்துக்கு மாறிற்று.

"ஐயா, தூரத்துல ஒரு இடத்தையே பாருங்க. கீழ பார்க்காதீங்க" என்று ஜெபக்கனி அறிவுரை சொன்னாள். அவள் வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளும் அறிவுரை சொல்லும் நிலைக்கு உயர்ந்திருந்தாள். ஆயினும் இடக்கையால் கைப்பிடிக் கம்பியை விடவேயில்லை. இரவுகளில் உறங்கவுமில்லை. அதை எவரிடமும் மறைக்கவுமில்லை. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்ட அந்தப் பெண் இரவெல்லாம் அவளுக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

கேக் வாங்கித் தின்ற குடும்பங்கள் எல்லாம் கூடிவிட்டன. தளம் ஒரு பக்கம் சாய்ந்தபோது போதகர் கேள்வியைக் கேட்டார்; மறு பக்கம் சாய்ந்தபோது ஜெபக்கனி விடை சொன்னாள். குரல் நடுங்கியது, சொல் பிசகவில்லை. கிண்ணத்து நீரில் பாதி கடலுக்குச் சென்றது. மீதி குழந்தையின் தலைக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தைக்கு ஆறுதல் என்று பெயரிட்டார்கள். அது தனக்கு நேர்ந்ததை வன்மையாகக் கண்டித்து அழுதது.

எல்லாரும் பாடத் தொடங்கியபோதுதான் செயலாளர் தேவாசீர்வாதம் இடைக்கதவருகே நிற்பதை ஜெபக்கனி கண்டாள். அவர் ஞானஸ்நானத்துக்கு வந்தவராகத் தெரியவில்லை. கதவின் சட்டத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். குழந்தையைச் சுகிர்தாவிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பற்றிப் பற்றி நடந்து அவள் அவரிடம் சென்றாள்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி. உள்ள வாங்க. இல்லை, வெளிய வாங்க."

"ஸ்தோத்திரம்மா. இருக்கட்டும், இங்கயே நிக்கேன்." இருநூறு பேருக்கான அந்தக் குரல் ஒருவருக்கே போதாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. "எனக்கு நாளைக்குக் காலையில வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காவ. நேர்க்கேள்வியாம்."

"தெரியும் அண்ணாச்சி. எல்லாருக்கும் உண்டாமே."

"நீதான் பண்ணி வச்ச" என்றார். கோபமாகச் சொல்ல எண்ணித் தொடங்கியது, பாதியில் வேறாகிவிட்டது. "நிம்மதியா இருந்தோம்மா. என்ன சொல்லுவோம்னு தெரிஞ்சிருந்துச்சு."

"நீங்க பகல்காரர் அண்ணாச்சி."

"அது பொறி சொன்னது." அவர் கடலைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "நேத்து ராத்திரி நானா உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன். ஒரு நிமிஷங்கூட வரலம்மா."

ஜெபக்கனி சிரிக்கவில்லை. தன் தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து, நான்காக மடித்து, அவரிடம் நீட்டினாள்.

"அறை ரொம்பக் குளிரும். இதைக் கொண்டுட்டுப் போங்க. சன்னலைத் திறக்க வேண்டியிருந்தா முதல்லயே திறக்கச் சொல்லிருங்க. அந்த அதிகாரி நல்ல பிள்ளை, நல்லபடியாத்தான் பேசும். அதுதான் அண்ணாச்சி கஷ்டமே."

அவர் சால்வையை வாங்கிக்கொண்டார். தளம் சாய்ந்தது. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சபையின் முதல் படியும் கடைசிப் படியும் அந்த நேரத்தில் ஒரே உயரத்தில் இருந்தன. தளம் நிமிர்ந்தபின் அவர் கேட்டார்:

"எத்தனை தடவைம்மா கேப்பாவ?"

"நீங்க எத்தனை தடவை திரும்பிப் போய்க் கதவைத் தட்டுதீங்களோ, அத்தனை தடவை" என்றாள் ஜெபக்கனி.